அனுபவம் இருக்கா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

சமையல் மேடைக்குக் கல் வாங்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் தம்பி ஐ.டி.ஐ. வெல்டர். ஓசூரில் ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் இருக்கிறான். கிரானைட் மேடை போடும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். போன கடைகளிலெல்லாம் "அனுபவம் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு கடையில் மட்டும், பதினைந்து நாள் சம்பளம் இல்லாமல் வந்து பழகு, அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். அங்கே பெரும்பாலும் குவார்ட்ஸ் கல்தான் வெட்டுகிறார்கள். அனுப்பலாமா? வேலை கிடைக்க அவன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

ர., கிருஷ்ணகிரி

அன்புள்ள ர.,

பதினைந்து நாள் சும்மா உழைக்க வேண்டாம். ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னால் நியாயம் உண்டு. பதினைந்து நாள் என்றால் கூலியில்லாமல் கல் தூக்க ஆள் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

கல் கடையில் சில வருஷம் அளவெடுக்கும் வேலை பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். தம்பி பெரும்பாலும் கடையின் முன்பக்கம் போய்க் கேட்டிருப்பான். ஏ.சி. அறையில் மாதிரிக் கற்களோடு உட்கார்ந்திருப்பவர் விற்பனையாளர். வேலைக்கு ஆள் வைப்பது பின்னால் பட்டறையில் இருக்கும் மேஸ்திரி. காலையில் வண்டியில் கல் ஏற்றும் நேரத்துக்குப் போகச் சொல்லுங்கள். அநேகமாக யாராவது ஒருவன் அன்றைக்கு வந்திருக்க மாட்டான். எட்டடி நீளம், இரண்டடி அகலம், 20 மில்லிமீட்டர் கனமுள்ள மேடைக்கல் 80 கிலோ வரும். ஒரு கை கொடுத்தால் பேச்சு தானாக வரும். மேஸ்திரி ராஜஸ்தான்காரராக இருந்தால் நாலு வார்த்தை ஹிந்தி உதவும். தெரியாவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

தூக்கும்போதே ஆளை எடை போட்டுவிடுவார்கள். கல்லைப் படுக்கையாகத் தூக்கக் கூடாது, நிமிர்த்தி விளிம்பில் நிறுத்தித்தான் தூக்க வேண்டும். சிங்க் வெட்டிய கல்லில் ஓட்டைக்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு அங்குலப் பட்டைதான் மிஞ்சியிருக்கும். அது தாங்காமல் முறிந்தால் மொத்தக் கல்லும் போச்சு. அந்த ஓட்டையை வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாலு மூலையிலும் முதலில் வட்டமாகத் துளை போட்டுவிட்டு, துளைக்குத் துளை வெட்டுகிறவன் தொழில் தெரிந்தவன். நேராக பிளேடை இறக்கி மூலையைக் கூராக விட்டால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சோதனைக்குப் பெரும்பாலும் ஒரு கழிவுத் துண்டைக் கொடுத்து ஓரத்தை பாலிஷ் போடச் சொல்வார்கள். சொரசொரப்பானதில் தொடங்கி நைஸானது வரை 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று பாலிஷ் பேடுகளை வரிசையாக மாற்ற வேண்டும். அவசரத்தில் நடுவே ஒன்றைத் தாண்டினால், முந்தைய பேடின் கோடுகள் கடைசி வரை அழியாது. கருப்புக் கல்லில் இது நன்றாகத் தெரியும். ஈரமாக இருக்கும்போது எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார். அவர் பார்ப்பதற்கு முன்னால் தம்பியே துடைத்துச் சாய்த்துப் பார்க்கட்டும். வெல்டிங் பழகிய கை நடுங்காது, அது இங்கே பெரிய முதல்.

பாலிஷ் ஆள் கிடைப்பார்கள். அளவெடுக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். நம் வீடுகளில் சுவர் மூலைகள் சரியான மூலைமட்டத்தில் இருப்பது அபூர்வம். ஒரு சுவரில் மூன்றடி, அடுத்த சுவரில் நான்கடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலு நூல், அதாவது அரை அங்குலம் கூடினால் கல்லையும் அந்தக் கோணத்துக்கே வெட்ட வேண்டும். இல்லையென்றால் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே சந்து விழும், அதை வெள்ளை சிமெண்டால் அடைத்துவிட்டு வருவார்கள். வீட்டு அடுக்களையிலேயே தம்பி பழகிக்கொள்ளலாம். டேப், ரசமட்டம், அளவு குறித்த ஒரு தாள் இவற்றோடு போகிறவனிடம் அனுபவம் இருக்கா என்று யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

இனி குவார்ட்ஸ். நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். குவார்ட்ஸ் மேடைக்கல் மலையிலிருந்து வெட்டி எடுத்த கல் இல்லை. கல்பொடியை ரெசினில் பிசைந்து அழுத்திச் செய்த பலகை. வழக்கமான ரகங்களில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா என்ற கனிமம். கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாம் கருப்பு கிரானைட் என்று வாங்குவதில் இன்னும் குறைவு, நிலவியல்காரர்கள் அதை கிரானைட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. குவார்ட்ஸைத் தண்ணீர் விடாமல் வெட்டினால் கிளம்பும் சிலிக்கா தூசியில், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதுதான் நுரையீரலின் அடி வரை போகிறது. வருவது சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய். குணமாக்க மருந்து இல்லை. கலிஃபோர்னியாவில் இந்த வேலை செய்து நோய் கண்ட 52 பேரைப் பற்றிய மருத்துவ ஆய்வு 2023-ல் வெளியானது. பலருக்கு வயது நாற்பதுகளில்தான். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டுகிறோம். அந்தத் தூசிக்குக் கைக்குட்டை ஒரு தடையே இல்லை.

அதனால் சோதனை நாளில் தம்பியும் பட்டறையைச் சோதிக்கட்டும். கட்டர் மிஷினுக்குத் தண்ணீர்க் குழாய் வருகிறதா? தரை ஈரமாக இருக்கிறதா, வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறதா? சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா, தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்களா? வீட்டு மாடியில், பால்கனியில் வைத்து வெட்டும்போதும் தண்ணீர் கொண்டுபோகிறார்களா? மாஸ்க் உண்டு என்பார்கள். அது ஆணியில் தொங்குகிறதா, முகத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குவார்ட்ஸை உலர்வாக வெட்டும் இடம் என்றால் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் வேண்டாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் ஜிகனி, அங்கே கிரானைட் ஆலைகள் நிறைய. தண்ணீர் விட்டு வெட்டும் பெரிய மிஷின் உள்ள இடமாகப் பார்த்துக் கேளுங்கள். வரைபடம் பார்த்து அளவு படிக்கத் தெரிந்த ஐ.டி.ஐ. பையனுக்கு அங்கே மதிப்பு உண்டு. இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்களா என்று முதல் நாளே கேட்டுவிடலாம், கூச்சப்பட வேண்டாம். சிலிகோசிஸ் சட்டப்படி தொழில் நோய்தான், ஆனால் பெயர் பதிவேட்டில் இல்லாதவன் எதைக் காட்டி இழப்பீடு கேட்பான்?

எங்கே சேர்ந்தாலும், சேர்வதற்கு முன்பே ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துத் தேதியோடு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருமல் வந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிலிகோசிஸைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. என்ன வேலை செய்கிறேன் என்பதை டாக்டரிடம் அவனே முதலில் சொல்ல வேண்டும். பல டாக்டர்கள் கேட்பதில்லை.