நார்மல் சேனலின் மந்தம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கிட்டார் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். திருச்சிக்காரன். வேலைக்காக வந்து இப்போது இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே ஒரு வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) வாங்கவேண்டும் என்று ஆசை. போன மாதம் வாக்ஸ் ஏசி30 ஒன்று செகண்ட் ஹாண்டில் கிடைத்தது. சமீபத்திய தயாரிப்புதான், உள்ளே செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர் இரண்டு.

பிரச்சினை என்னவென்றால் சத்தம் கம்பளி போர்த்தியது போல இருக்கிறது. ஆம்பில் இருக்கும் இரண்டு சேனல்களில் நார்மல் சேனலில் வாசித்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. டாப் பூஸ்ட் சேனல் கொஞ்சம் பரவாயில்லை. என்னுடையது லெஸ் பால் வகை கிட்டார், ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது). ஆறு மீட்டர் கேபிளில் ட்யூனருக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலுக்கும் வந்து, அங்கிருந்து இன்னொரு ஆறு மீட்டரில் ஆம்புக்கு. இரண்டு பெடலும் ட்ரூ பைபாஸ், அணைத்தால் சிக்னல் உள்ளே எதையும் தொடாமல் நேராகக் கடந்துவிடும். ட்யூப் ஸ்க்ரீமரில் ட்ரைவை முழுக்கவும் லெவலைப் பாதியிலும் வைத்திருக்கிறேன். ஆம்ப் அறை மூலையில் கார்பெட்டின் மேல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக வால்யூமை அதிகம் ஏற்றுவதில்லை. டோன் கட் நாப் உட்பட எல்லாவற்றையும் முழுக்க வலப்பக்கம் திருப்பியும் பார்த்துவிட்டேன்.

வால்வுகளை மாற்று என்கிறார் ஒரு நண்பர். ஸ்பீக்கரை மாற்று என்கிறார் இன்னொருவர். உள்ளே ஒரு கபாசிட்டரை மாற்றினால் போதும் என்று மூன்றாமவர். பேசாமல் இதை விற்றுவிட்டு ஃபென்டர் வாங்கிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

விற்காதீர்கள். முதலில் அந்த டோன் கட் நாப்பை இடப்பக்கம் முழுக்கத் திருப்புங்கள். அதன் வேலை ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, வெட்டுவது. வலப்பக்கம் போகப்போக அதிகமாக வெட்டும். மற்ற ஆம்புகளில் வாசித்துப் பழகியவர்கள் ஏசி30 வாங்கியதும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆம்பின் கடைசிக் கட்டத்தில், பவர் வால்வுகளுக்குப் போகும் இரண்டு எதிரெதிர் சிக்னல்களுக்கு நடுவே ஒரு கபாசிட்டரும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் (நாப்போடு மாறும் மின்தடை) இருக்கும். நாப்பைத் திருப்பினால் உச்ச அதிர்வெண்கள் மட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். முன்னால் நீங்கள் எவ்வளவு ட்ரெபிள் ஏற்றினாலும் கடைசி வாசலில் அது பறிமுதல்.

இதிலேயே உங்கள் வருத்தம் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதிதான் பேசவேண்டிய விஷயம்.

ஏசி30 மந்தமாக இருக்கிறது என்று சொல்லும் முதல் ஆள் நீங்கள் இல்லை. டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் கம்பெனியில் டிக் டென்னி இந்த ஆம்பை உருவாக்கி வெளியிட்ட கொஞ்ச நாளிலேயே ட்ரெபிள் போதவில்லை என்ற பேச்சு வந்துவிட்டது. அதற்காக 1961 வாக்கில் ஒரு கூடுதல் சர்க்யூட் செய்தார்கள். ஏற்கெனவே விற்ற ஆம்புகளின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். அதன் பெயர்தான் டாப் பூஸ்ட். பிறகு அது ஆம்பின் அங்கமாகவே ஆனது. உங்கள் ஆம்பில் ஒரு சேனலுக்கு அந்தப் பெயர் இருப்பது இதனால்தான். நார்மல் சேனல் என்பது அந்தத் திருத்தம் வருவதற்கு முந்தைய குணத்தை ஓரளவு காப்பாற்றி வைத்திருக்கும் பகுதி.

என்னைக் கேட்டால் அந்த ஆம்புக்குக் கொடுத்த காசு நார்மல் சேனலுக்குத்தான். டாப் பூஸ்டில் ட்ரெபிள், பாஸ் (கீழ் ஒலிகள்) இரண்டையும் ஏற்றினால் நடுப்பகுதி குழிந்துபோகும். தனியாக வாசிக்கும்போது பளபளவென்று கேட்கும், குழுவோடு சேர்ந்தால் ட்ரம்ஸுக்கும் பாஸ் கிட்டாருக்கும் நடுவில் தொலைந்துவிடும்.

நீங்கள் மந்தம் என்று சொல்வது ட்ரெபிள் இல்லாததால் வருவதைவிட பாஸ் கூடிப்போனதால் வருவது. வால்வு ஆம்பில் இந்த இரண்டும் ஒன்றல்ல. கீழ் ஈ கம்பியின் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். கிட்டாரிலிருந்து வரும் சிக்னலில் மிகப் பெரிய அலை இந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும், அதிலும் ஹம்பக்கரில், கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பில். வால்வு தன் எல்லையை எட்டி அலையின் தலையை வெட்டத் தொடங்கும்போது முதலில் முட்டுவது இந்தப் பெரிய அலை. அது முட்டி நிற்கும் நேரத்தில் அதன் முதுகில் ஏறி வரும் சின்ன அலைகள், அதாவது மேல் ஸ்வரங்களும் மீட்டலின் தொடக்க நறுக்கும், சேர்ந்தே நசுங்குகின்றன. அதுதான் கொழகொழ. இப்படி நசுங்கிய பிறகு ட்ரெபிள் நாப்பை ஏற்றினால் கொழகொழப்பின் மேல் ஒரு கீச்சொலி ஏறும், அவ்வளவுதான். தெளிவு திரும்பி வராது. பாஸை வால்வுக்குள் போவதற்கு முன்பே குறைக்கவேண்டும்.

இதற்காகவே ஒரு பெட்டி இருந்தது. 1960களின் நடுவில் லண்டனில் டல்லாஸ் நிறுவனம் விற்ற ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர். காலால் மிதிக்கும் பெடல் அல்ல, ஆம்பின் தலையில் வைக்கும் சாம்பல் நிறத் தகரப் பெட்டி. ஒரு நாப், ஒரு ஸ்விட்ச், ஒரு 9 வோல்ட் பேட்டரி, உள்ளே ஓசி44 என்ற ஒரே ஒரு ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர். அதன் சூட்சுமம் வாசலில் இருக்கும் கபாசிட்டர். வெறும் 5 நானோஃபாரட். அந்த அளவுக்குச் சின்னக் கபாசிட்டர், அந்த ட்ரான்சிஸ்டரின் குறைந்த உள்ளீட்டு மின்தடையோடு சேரும்போது, உச்சப் பகுதியை மட்டும் தாராளமாக விடும். கீழே இறங்க இறங்க ஒவ்வொரு ஆக்டேவுக்கும் சுமார் 6 டெசிபெல் பிடித்துக்கொள்ளும். ட்ரெபிள் பூஸ்டர் என்று பெயர் வைத்தார்களே தவிர, அது செய்வதில் பாதி பாஸைக் கழிப்பதுதான். மெலிந்து வரும் அந்த சிக்னல் ஏசி30-இன் நார்மல் சேனலுக்குள் நுழையும்போது, ஆம்ப் தன் இயல்பான கனத்தைத் தானே சேர்த்துக்கொள்கிறது. மெலிந்த சிக்னலும் மந்தமான ஆம்பும் சேர்ந்தால் வருவது நல்ல கணீர் ஓசை. அதே பெட்டியை ஏற்கெனவே பளபளக்கும் ஆம்பில் கொடுத்துப் பாருங்கள், காதைக் குத்தும்.

அயர்லாந்து கிட்டார் கலைஞர் ரோரி காலஹர் தன் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரை ரேஞ்ச்மாஸ்டர் வழியாக ஏசி30-க்குத்தான் கொடுத்தார். தன் டேஸ்ட் குழுவோடு லண்டன் மார்க்கீ கிளப்பில் வாசித்த காலத்தில், நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மாணவர் காத்திருந்து, இந்த ஓசை எப்படி வருகிறது என்று அவரிடமே கேட்டார். காலஹர் ஒளிக்காமல் சொன்னார். அந்த மாணவர் குவீன் குழுவின் பிரையன் மே. அவரே இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நார்மல் சேனல், வால்யூம் முழுக்க, முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர் என்பது இன்றுவரை அவருடைய ஏற்பாடு. சத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும் கிட்டாரின் வால்யூம் நாப்பில்தான். வேடிக்கை என்னவென்றால், ராக் இசையிலேயே மிகக் கருமையானது என்று பெயரெடுத்த, பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமியின் கிட்டார் ஓசைக்கும் அதே ரேஞ்ச்மாஸ்டர்தான் அடிப்படை. அவருடையது லேனி ஆம்ப். கனமான ஓசைக்குக்கூட வாசலில் பாஸைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்.

உடனே கடைக்கு ஓடவேண்டாம். உங்களிடம் இருக்கும் ட்யூப் ஸ்க்ரீமரும் ஏறத்தாழ இதே காரியத்தைச் செய்யும். அதன் டிஸ்டார்ஷன் கட்டத்தில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறைந்துகொண்டே வரும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் வைத்திருப்பதைத் தலைகீழாக மாற்றுங்கள். ட்ரைவ் கிட்டத்தட்டப் பூஜ்யம், லெவல் முழுக்க, டோன் பாதிக்குக் கொஞ்சம் மேலே. டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து வரக்கூடாது, பெடல் தள்ளும் தள்ளில் ஆம்பிலிருந்து வரவேண்டும். இது பிடித்திருந்தால் பிறகு ஜெர்மானியம் பூஸ்டர் ஒன்று வாங்கலாம். வாங்கினால் இரண்டு விஷயம். அதை கிட்டாருக்கு அடுத்து முதலில் வையுங்கள், நடுவில் பஃபர் (சிக்னலுக்கு வலுக்கொடுக்கும் சர்க்யூட்) இருந்தால் அதன் குணமே மாறிவிடும். பழைய வடிவத்தை அப்படியே பின்பற்றுபவை பெரும்பாலும் பாசிட்டிவ் கிரவுண்ட் (மற்ற பெடல்களுக்கு நேரெதிரான மின் இணைப்பு), ஆகவே மற்ற பெடல்களோடு ஒரே பவர் சப்ளையில் கோக்காதீர்கள், பேட்டரி போடுங்கள்.

கேபிளுக்கு வருவோம். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கபாசிட்டன்ஸ் இருக்கும். உங்களுடையது 12 மீட்டர். ட்ரூ பைபாஸ் என்பதால் பெடல்கள் அணைந்திருக்கும்போது அந்த நீளம் முழுவதும் நேராக பிக்கப்பின் தலையில் விழுகிறது. உங்கள் ஹம்பக்கரின் இண்டக்டன்ஸ் 4 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் கேபிளில் அதன் ஒத்ததிர்வு (பிக்கப் மிக ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்) 4.6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், 12 மீட்டரில் 2.3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். கிட்டாரின் மினுமினுப்பு இருக்கும் இடமே இதுதான். ஒரு மூன்று மீட்டர் கேபிளை இரவல் வாங்கி, பெடல் எதுவும் இல்லாமல் நேராக ஆம்பில் செருகி, ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். நீளம் கட்டாயம் தேவை என்றால் முதல் கேபிளைச் சின்னதாக வைத்து, பெடல்களின் கடைசியில் ஒரு பஃபர் போடுங்கள்.

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நெக் பிக்கப்பின் பாஸ் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, பிக்கப்பைக் கம்பியிலிருந்து கொஞ்சம் கீழே இறக்குங்கள். அரைச் சுற்று, வாசித்துப் பார்ப்பது, இன்னொரு அரைச் சுற்று. தடித்த கம்பிகளின் உறுமல் அடங்கி மெல்லிய கம்பிகள் முன்னால் வரும். செலவில்லாத வேலை, ஏனோ யாரும் செய்வதில்லை.

ஆம்பை மூலையிலிருந்து எடுங்கள். இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் பாஸ் தானாகவே பெருகும். கார்பெட் மேல்பகுதியைக் குடித்துவிடும். இதைவிட முக்கியம், 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச அதிர்வெண்களை டார்ச் ஒளி மாதிரி நேர்முன்னால்தான் அனுப்பும். தரையில் இருக்கும் ஆம்புக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கும் உங்களுக்கு பாஸ்தான் கேட்கிறது, ட்ரெபிள் முழங்காலுக்குப் போகிறது. உறுதியான ஸ்டாண்டில் ஏற்றிச் சற்றே பின்னால் சாய்த்து வையுங்கள். முப்பது கிலோவுக்கு மேல் எடை, தனியாகத் தூக்கவேண்டாம். ஒரு எச்சரிக்கை: முன்னால் உட்கார்ந்து கேட்டால் முதல் நாள் ட்ரெபிள் அதிகம் என்றுகூடத் தோன்றலாம்.

வால்யூம் குறைவாக வைப்பதிலும் ஒரு பங்கு இருக்கிறது. மெல்லிய சத்தத்தில் மனிதக் காது நடுப்பகுதியை நன்றாகக் கேட்கும், இரு முனைகளையும் கோட்டைவிடும். பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் கேட்கும் ஓசையை வைத்து ஆம்புக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ரிகர்சல் அறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

நண்பர்களின் யோசனைகள். நான்கு இஎல்84 பவர் வால்வுகளும் ஏசி30-இல் சூடாகவே ஓடும், அதனால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் சத்தமும் குறையும், ஓசையும் மங்கும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று கேளுங்கள். பல வருடம் என்றால் பொருத்தம் பார்த்த நான்கை மாற்றுவது நியாயம். மற்றபடி ப்ரீஆம்பில், அதாவது ஆம்பின் முதல் கட்டத்தில், இந்தக் கம்பெனி ஈசிசி83 வால்வு, அந்தக் கம்பெனி ஈசிசி83 என்று ஆயிரம் பக்கத்துக்கு வாதாடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. வித்தியாசம் உண்டு, கேபிள் தரும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். (இந்த இஎல்84 நமக்கு அந்நியமல்ல. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இதைச் செய்துகொண்டிருந்தது. தாத்தா வீட்டு வால்வு ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினால் ஒன்று அகப்படக்கூடும்.)

ஸ்பீக்கர் மாற்றினால் ஓசை மாறும், அதில் சந்தேகமில்லை. கிரீன்பேக்கைவிட செலஸ்டியன் ப்ளூ மேல்பகுதியில் நன்றாகத் திறந்திருக்கும். விலையும் அதற்கேற்ப. எல்லாவற்றையும் செய்துபார்த்த பிறகு யோசிக்கலாம்.

கபாசிட்டர் யோசனை தப்பில்லை, ப்ரீஆம்பில் சில மதிப்புகளைக் குறைத்து பாஸை உள்ளேயே கழிப்பது பழைய வழிதான். ஆனால் நீங்கள் கை வைக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஃபில்டர் கபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

ஃபென்டர் வாங்கினால் உங்கள் ட்யூப் ஸ்க்ரீமர் அதற்கும் பொருந்தும், ஆனால் அது வேறு ஆம்ப், வேறு ஆசை. இப்போதைக்கு கட் நாப், கேபிள், பெடல், ஆம்ப் இருக்கும் இடம், இந்த நான்கையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எது எதைச் செய்தது என்று தெரியும். அப்போதும் நார்மல் சேனல் கொழகொழத்தால், கிட்டாரின் பிக்கப் எது, வால்யூம் பாட் (வால்யூம் நாப்பின் மின்தடை) 500 கே-யா 250 கே-யா என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்