பையனின் முதுகெலும்புக்கு சி.டி.யா, எம்ஆர்ஐயா?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பள்ளி அணியில் வலக்கையால் வேகப்பந்து வீசுகிறான். இரண்டு மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் வலிக்கிறது; பின்னால் வளைந்தால் வலி கூடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க சி.டி. எடுக்கலாம் என்கிறார் மருத்துவர். எனக்குக் கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது. எம்ஆர்ஐயில் எலும்பு தெரியாது என்கிறார்களே, உண்மையா? (ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எம்ஆர்ஐயில் எலும்பு தெரியும். உங்கள் மகனின் வயதையும் நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும் வைத்துப் பார்த்தால், முதலில் எம்ஆர்ஐ எடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால், முதுகுவலி என்று வருகிற எல்லோருக்கும் எடுக்கிற வழக்கமான எம்ஆர்ஐ இதற்குப் போதாது.

எம்ஆர்ஐயில் எலும்பு தெரியாது என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. நம் பக்கத்தில் பனையை அறுத்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்புறம் கருத்த வைரமாகவும் நடுப்பகுதி மெத்தென்ற சோறாகவும் இருக்கும். முள்ளெலும்பும் ஏறத்தாழ அப்படித்தான்: வெளியே கெட்டியான ஓடு, உள்ளே எலும்புச்சோறு. எம்ஆர்ஐ கருவி, உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் எழுப்பும் சமிக்ஞையைக் கேட்டுப் படமாக்குகிறது. ஓட்டுப் பகுதியில் நீர் குறைவு. அங்கிருந்து எழும் சமிக்ஞையும் ஒரு மில்லி நொடிக்குள் அடங்கிவிடுவதால், கருவி கேட்கத் தொடங்கும்போது அங்கே எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. அதனால் ஓடு வெறும் கறுப்புக் கோடாகப் பதிகிறது. சி.டி.யோ எக்ஸ்ரேயால் இயங்குவது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஓட்டை வெண்மையாக, மயிரிழை விரிசலோடு காட்டிவிடும்.

ஆனால் உங்கள் மகனின் நோய் ஓட்டில் தொடங்குவதில்லை. முள்ளெலும்பின் பின்பக்கத்தில் மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் இணைக்கும் ஒடுங்கிய எலும்புப் பாலம் ஒன்று இருக்கிறது, 'பார்ஸ்' என்போம். பந்து வீசும்போது முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்வதால் அந்தப் பாலம் ஓயாமல் நசுங்குகிறது. வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் இது வரும். நீங்கள் சொல்லும் வலியும் அங்கேதான் இருக்கிறது. விரிசல் விழுவதற்கு முன்பே எலும்புச்சோற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கொழுப்பின் சமிக்ஞையை அடக்கி எடுக்கும் 'ஸ்டிர்' என்ற எம்ஆர்ஐ வரிசையில் (வரிசை என்றால் படமெடுக்கும் முறை), கருத்த எலும்பின் நடுவே அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். அந்தக் கட்டத்தில் சி.டி. எடுத்தால் எலும்பு நன்றாக இருப்பதாகவே தோன்றும். பந்துவீச்சை நிறுத்தி, பாலம் உடையாமல் காப்பாற்றக்கூடிய கட்டமும் அதுவே.

விரிசல் விழுந்திருந்தாலும் எம்ஆர்ஐயில் பார்க்க வழி உண்டு. எலும்பை மெல்லிய துண்டுகளாக அறுத்துப் பார்ப்பதுபோலப் படமெடுக்கும் 'கிரேடியன்ட் எக்கோ' வரிசைகளில் ஓடு கருப்பாகவும் விரிசல் அதனூடே வெளிர்கோடாகவும் வரும். சமிக்ஞை அடங்குவதற்கு முன்பே கேட்டுவிடும் 'யுடிஇ', 'இசட்டிஇ' என்ற புதிய வரிசைகள் கிட்டத்தட்ட சி.டி. போன்ற படத்தையே தருகின்றன. ஆனால் இவை எல்லா மையங்களிலும் கிடைப்பதில்லை.

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமான இடுப்பு எம்ஆர்ஐ, டிஸ்க்கையும் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) நரம்பையும் பார்ப்பதற்காக அமைந்தது. துண்டுகள் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். பார்ஸோ ஓரத்தில் இருப்பதால் கண்ணில் படாமல் போகலாம். பல ஆண்டுகளுக்கு முன், சீட்டில் 'முதுகுவலி' என்று மட்டும் எழுதி வந்த ஒரு மாணவனுக்கு டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து இருபக்கமும் உடைந்த எலும்போடு அவன் திரும்பி வந்தான். ஆகவே, உங்கள் மருத்துவரிடம் சீட்டில் 'வேகப்பந்து வீச்சாளர், பார்ஸ் முறிவு சந்தேகம், ஸ்டிர் மற்றும் மெல்லிய துண்டுகள் தேவை' என்று எழுதித் தரும்படி கேளுங்கள்.

கதிர்வீச்சைப் பற்றி: இடுப்பு முதுகெலும்பு சி.டி.யில் பொதுவாக 5 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை சேரும். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஆண்டுக்குச் சேரும் உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட். அவசியமானால் மறுக்கும் அளவன்று. ஆனால் வளரும் பிள்ளைக்கு, அதே விடை வேறு வழியில் கிடைக்கும்போது தவிர்க்கலாம். விரிசல் முழுமையானதா, கூடிவிட்டதா என்று பின்னால் பார்க்க நேர்ந்தால், அந்த ஒரு முள்ளெலும்புக்கு மட்டும் குறைந்த அளவில் சி.டி. எடுக்கலாம். பனையிலிருந்து விழுந்தவருக்கும் விபத்தில் அடிபட்டவருக்கும் கதை வேறு. அங்கே நொடிக்கணக்கில் முடியும் சி.டி.தான் முதலில் வேண்டும்.

ஸ்கேன் முடிவு தெரியும்வரை பந்துவீச்சை நிறுத்திவிடுங்கள். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் வந்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயை எடுத்துச் செல்லுங்கள். பையன் வெள்ளி அரைஞாணோ தாயத்தோ கட்டியிருந்தால் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அது நாம் பார்க்க வேண்டிய எலும்புக்கு நேராகவே கிடந்து படத்தைக் கெடுக்கும், சூடேறவும் கூடும்.