தஞ்சாவூர் அரண்மனை யாருடையது?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இருவருடன் முதன்முறையாகத் தஞ்சாவூர் செல்கிறோம். என் தாத்தா அந்தப் பக்கத்துக்காரர். இராஜராஜ சோழர் வாழ்ந்த அரண்மனையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அரண்மனை, பெரிய கோவில் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. இராஜராஜன் வாழ்ந்த அரண்மனை இன்று தஞ்சையில் இல்லை. ஊருக்குள் அரண்மனை என்று காட்டப்படுவது, 16ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் கட்டத் தொடங்கி, அவர்களுக்குப் பின் 1670களில் ஆட்சிக்கு வந்த மராட்டிய மன்னர்கள் விரிவுபடுத்திய கட்டடத் தொகுதி. பெரிய கோவிலின் திருப்பணி 1010இல் நிறைவுற்றது. ஆகவே கோவிலுக்கும் அரண்மனைக்கும் இடையே ஐந்நூறு ஆண்டு இடைவெளி உண்டு. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இராது.

ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் பார்த்ததாகக் கணக்குதான் வரும். கோவிலுக்கு ஒரு மாலையும் மறுநாள் காலையும் ஒதுக்குங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெயில் நாளென்றால் வெறுங்காலுடன் அந்தக் கல்தரையில் நடப்பதும் கடினம். கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், சுவர்களின் அருகே நின்று எழுத்துகளைப் பாருங்கள். கோவில் பணிக்காக அமர்த்தப்பட்ட, தளிச்சேரிப் பெண்கள் எனப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களை, அவரவர் குடியிருந்த வீதியுடன் இராஜராஜன் அங்கே பொறித்து வைத்திருக்கிறான். சிங்கப்பூரிலிருந்து செல்பவர்களுக்கு அதைவிட நெருக்கமானது அவன் மகன் இராஜேந்திரனின் கல்வெட்டு. “அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி” அவன் வென்றதாக அது அடுக்கும் இடங்களில் ஸ்ரீவிஜயமும் கடாரமும் வருகின்றன. கடாரம் என்பது நமக்கு வடக்கே மலேசியாவில் இருக்கும் கெடா. கோபுர நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; மாலையில் பிள்ளைகளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரண்மனைக்கு அரை நாளாவது வேண்டும். உள்ளே வெவ்வேறு பகுதிகளுக்குத் தனித்தனி நுழைவுச்சீட்டு என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால் தர்பார் மண்டபத்தை விரைந்து கடந்து, கலைக்கூடத்தில் நில்லுங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாம்புகள் சுற்றிய சடையைத் தலைப்பாகைபோல் முடிந்து, காளையின்மேல் கையை ஊன்றியபடி சிவன் நிற்கிறார். காளை மட்டும் இல்லை. இல்லாத காளை அந்தக் கையின் வளைவிலேயே தெரிகிறது. சோழரை அரண்மனைக்குள் காண வேண்டும் என்ற உங்கள் ஆசை அந்தக் கூடத்தில்தான் நிறைவேறும்.

அடுத்து சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் தொடங்கிய இந்தச் சேகரம் இரண்டாம் சரபோஜி மன்னரால் பெருகியது. 1832இல் மறைந்த அவர் கண் மருத்துவத்தில் ஈடுபாடு மிக்கவர். நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, சிகிச்சையைக் குறித்து வைக்கச் செய்தவர். ஓலைச்சுவடிகளைப் புரட்டிப் பார்க்க இயலாது என்றாலும், பொதுமக்களுக்கான சிறிய காட்சிக்கூடம் உண்டு. வாளேந்திய மன்னர்களையே கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இப்படியும் ஓர் அரசர் இருந்தார் என்று காட்ட அந்தக் கூடம் போதும்.

பயணத்தைப் பொறுத்தவரை, திருச்சிக்கு இங்கிருந்து நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து தஞ்சை காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் இந்திய விசாவுக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திராது என்பதால், விடுமுறையின் பிற்பகுதியில் செல்ல முடிந்தால் நல்லது. மூன்றாவது நாள் கையில் இருந்தால், கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தின் சோழர் கோவிலுக்குப் போய் வாருங்கள். தாத்தாவின் ஊர்ப்பெயர் தெரிந்திருந்தால், தாராசுரத்தை விட்டுவிட்டு அந்த ஊருக்கே போகலாம்.