முள்ளந்தண்டு ஒப்பரேசன்: ஸ்குரூ பூட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. புதுக்குடியிருப்பில் வயல் செய்கிறார். ஒரு வருடமாக, வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தாலே இரண்டு காலும் விறைத்து உழைகிறது, குந்தினால் விட்டுவிடுகிறது. சைக்கிள் மட்டும் நன்றாக ஓடுவார். தொடையில் செல் பீஸ் (வெடித்த செல்லின் இரும்புத் துண்டு) இருப்பதால் சி.ரி. ஸ்கான்தான் எடுத்தார்கள். நாரியில் எல்4–எல்5 எலும்புகளுக்கிடையில் நரம்புப் பாதை ஒடுங்கியிருக்கிறதாம். நெருக்கத்தை எடுத்தால் போதும் என்கிறார் ஒரு நிபுணர். எலும்புகள் அசையாமல் ஸ்குரூவும் பூட்டவேண்டும் என்கிறார் மற்றவர். யாரிடம் செய்விப்பது? காலபோகத்துக்கு வயலில் இறங்கலாமா?

பதில்: நடக்க ஏலாதவர் சைக்கிள் ஓடுகிறார் என்றால் நோய் பெரும்பாலும் முள்ளந்தண்டில்தான். குனிந்தால் நரம்புப் பாதை சற்று அகலும், நிமிர்ந்தால் ஒடுங்கும். ஆனாலும் பாதத்தில் நாடித்துடிப்புப் பார்த்தார்களா என்று கேளுங்கள். காலின் இரத்தக்குழாய் அடைபட்டாலும் நடக்கும்போது உழையும். அந்த உழைவு சும்மா நின்றாலே விட்டுவிடும்.

நரம்பின் நெருக்கம் எம்.ஆர்.ஐ. யில்தான் தெளிவாகத் தெரியும். தொடையில் பீஸ் கிடப்பதால் மட்டும் அதை மறுக்கத் தேவையில்லை. கண், முண்ணாண், பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குக் கிட்ட உள்ள இரும்புதான் ஆபத்து. எக்ஸ்ரேயைப் பார்த்துக் கதிரியக்க நிபுணர் முடிவு சொல்லட்டும்.

ஸ்குரூ விசயத்தில் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எலும்பு வழுகியிருக்கிறதா, அசைகிறதா?" இதற்கு நின்றபடி, குனிந்தும் பின்னுக்கு வளைந்தும் எக்ஸ்ரே எடுக்கவேண்டும். அதை எடுக்காமலே ஸ்குரூ என்றால் இன்னொருவரின் கருத்தைக் கேட்பது நல்லது. 2016 இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில் நரம்புப் பாதை ஒடுங்கிய 247 பேரைப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, ஸ்குரூ பூட்டியவர்கள் நெருக்கத்தை மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. பூட்டினால் ஒப்பரேசன் நீளும், இரத்தமும் கூடப் போகும்.

நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரா, என்பியல் (எலும்பு) நிபுணரா என்பது பெரிய காரியமல்ல. இந்த ஒப்பரேசனை அவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார், நரம்புறை (நரம்பைச் சுற்றியுள்ள சவ்வு) கிழிந்தால் என்ன செய்வார், தையல் வெட்டிய பிறகு எந்தக் கிளினிக்கில் பார்ப்பார் என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிக்கிறவர் வேண்டாம். கொழும்பில் செய்துவிட்டு, காயம் சீழ் வைத்தபின் ஏ9 வீதியால் திரும்பப் போவது லேசான பாடில்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையையும் விசாரியுங்கள்.

இந்த ஒப்பரேசன் காலுக்குத்தான். நாரி உழைவு முழுதாகப் போகும் என்று அப்பா நம்பியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். கால் உழைவு சில நாளிலேயே குறையலாம். விறைப்புப் போக மாதக்கணக்காகும். சிலருக்கு மிச்சமும் நிற்கும். மறுநாளே எழுப்பி நடக்கவிடுவார்கள். தையல் 10–14 நாளில் வெட்டுவார்கள். ஆறு கிழமைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. பாதி நிரம்பிய கிணற்று வாளியே அந்த நிறை வரும். அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து குடிக்கிறவரென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், தாங்களாக நிறுத்தவேண்டாம்.

காயத்தால் தெளிந்த நீர் வடிந்து, எழும்பி இருக்கும்போது தலையிடித்தால் நரம்புறை கசிகிறது, அன்றைக்கே காட்டவேண்டும். சலம் அடைத்தாலோ, ஆசனப் பகுதி மரத்தாலோ, கால் சோர்ந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒப்பரேசனுக்கு முன்னரும் இதே விதிதான்.

வயலுக்கு மூன்று மாதம் விடுங்கள். ஸ்குரூ பூட்டினால் இன்னும் கூடும். வரம்பில் நடந்து பார்த்து வரலாம், மண்வெட்டி பிடிக்கக்கூடாது. மருந்தடிக்கிற 16 லீற்றர் டாங்கியை இந்தப் போகம் வேறு ஆள் சுமக்கட்டும்.