முதிய ஹாம்ஸ்டரின் கூண்டு: உயரத்தைக் குறையுங்கள், வாசனையை விட்டுவையுங்கள்

கேள்வி: எங்கள் சிரியன் ஹாம்ஸ்டருக்கு இரண்டேகால் வயது ஆகிறது. ஒரு மாதமாகப் பின்னங்கால்களைச் சற்று இழுத்தபடி நடக்கிறது. இரண்டு தளம் கொண்ட கம்பிக் கூண்டின் ஏணியிலிருந்து இருமுறை விழுந்தும்விட்டது. புதிய கூண்டு வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? சக்கரத்தை எடுத்துவிட வேண்டுமா? துணைக்கு இன்னொன்று வாங்கலாம் என்கிறாள் மகள். (வாசகி, சென்னை)

பதில்: சிரியன் ஹாம்ஸ்டர்கள் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகளே வாழ்பவை என்பதால் உங்கள் வீட்டுப் பிராணி முதுமையை எட்டிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நடை தளர்ந்ததற்கு முதுமைதான் காரணம் என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. மூட்டுத் தேய்மானத்தால் வரும் தளர்ச்சி மெல்ல மெல்லக் கூடும். ஒரே நாளில் கால் இழுத்துக்கொண்டாலோ, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, விழுந்தபின் நடை மோசமானாலோ அது வேறு கோளாறு. வயதான சிரியன் ஹாம்ஸ்டர்களுக்கு இதயமும் சிறுநீரகமும் பழுதடைவது உண்டு. மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது ஆகியவை அவற்றின் அறிகுறிகள். நீண்டு வளைந்த நகமும் உள்ளங்கால் புண்ணும்கூட நடையைக் கெடுக்கும் என்பதால், கூண்டில் கை வைக்குமுன் சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். வலிக்கு மருந்து தேவைப்பட்டால் அவர் எடைக்கேற்ற அளவில் எழுதித் தருவார். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். பழைய சீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே: அமாக்சிசிலின் போன்றவை ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே பறிக்கக்கூடும்.

இனிக் கூண்டுக்கு வருவோம். எல்லாவற்றையும் மாற்றுவது அன்பினால் செய்யப்படும் தவறு. ஹாம்ஸ்டருக்குக் கண் பார்வை மந்தம். உயரத்தையும் ஆழத்தையும் அதனால் சரியாக மதிப்பிட முடியாது. தன் உடலிலுள்ள சுரப்பிகளால் அது தேய்த்து வைத்த வாசனையும் மீசை தொட்டறிந்த வழியுமே அதற்கு வீட்டின் வரைபடம். கால்கள் ஒத்துழைக்காத வயதில் அந்த வரைபடத்தையும் பறித்துவிட்டால், இரவெல்லாம் வழி தேடியே களைத்துவிடும். ஆகவே உயரத்தையும் தூரத்தையும் குறையுங்கள். மற்றவை கூடியவரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மேல்தளம், ஏணி, குழாய்கள் ஆகியவற்றை இன்றே கழற்றிவிடலாம். கம்பியைப் பிடித்து ஏறும் பழக்கம் இருந்தால், தரைத்தளம் மட்டும் உள்ள, பக்கங்கள் வழவழப்பான கண்ணாடித் தொட்டியோ, மூடியில் வலை பொருத்திய பெரிய பிளாஸ்டிக் பெட்டியோ நல்லது. அப்படி மாற்றும்போது பழைய படுக்கையில் பாதியையும் அதன் கூட்டை அப்படியேயும் புதிய இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். தூங்குமிடத்திலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் உணவும் தண்ணீரும் இருக்க வேண்டும். வாசல் அகலமான, அடித்தட்டு இல்லாத வீடு போதும். படி தாண்டி நுழையும் வீடு இனி வேண்டாம்.

படுக்கையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இளம் ஹாம்ஸ்டர் தோண்டி மகிழ ஆழமான படுக்கை தேவை என்று சொல்லும் நாமே, முதியதற்கு அதைக் குறைக்கச் சொல்கிறோம். ஏனெனில் வலுவிழந்த பின்னங்கால்கள் பொலபொலப்பான ஆழத்தில் புதைந்துவிடும். நடக்கும் பகுதியில் காகிதப் படுக்கையைச் சுமார் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பிக் கையால் அழுத்திவிடுங்கள்; சிறிது உலர்புல் கலந்தால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஒரு மூலையில் மட்டும் ஆழமாக இருக்கட்டும், தோண்டும் ஆசை முதுமையிலும் போவதில்லை. மணம் வீசும் பைன், தேவதாரு மரச்சீவல்களும், பஞ்சு போல் விற்கப்படும் கூட்டுப்பொருளும் வேண்டாம். முன்னவை மூச்சுப் பாதையை உறுத்தும், பின்னதன் இழைகள் காலில் சுற்றி இறுகும். வாசனை சேர்க்காத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டாலே அது அழகாகக் கூடு கட்டிக்கொள்ளும்.

சிறுநீர் நனைத்த இடத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள். விலகி நிற்கத் தெம்பில்லாத பிராணிக்கு ஈரம் வயிற்றுத் தோலைப் புண்ணாக்கிவிடும். அடிவயிறு நனைந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்த வேண்டும், குளிப்பாட்டுவது கூடாது.

தண்ணீர்ப் புட்டியின் முனையை, முன்னங்காலைத் தூக்காமல் குடிக்கும் உயரத்துக்கு இறக்குங்கள். கூடவே கவிழாத, ஆழமற்ற பீங்கான் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். கடினமான உணவைக் கடிக்கத் திணறினால், வழக்கமான உணவுத் துண்டுகளை நீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுக்கலாம். அவித்த முட்டையில் பட்டாணி அளவு வாரம் ஓரிருமுறை தரலாம். ஈரமான உணவு சில மணி நேரத்தில் புளித்துவிடும், மறவாமல் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 150 கிராம் பிராணி 15 கிராம் இழந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

சக்கரத்தை உடனே பிடுங்கிவிட நான் சொல்லமாட்டேன். குறைந்தது 28 செ.மீ. விட்டமும், இடைவெளி இல்லாத ஓடுதளமும் கொண்டதாக இருந்தால், அதன் அடிப்பாகத்தைப் படுக்கையில் புதைத்து, நுழையும் விளிம்பு தரையோடு தரையாக இருக்கும்படி செய்யுங்கள். இரண்டு மூன்று இரவுகள் கவனியுங்கள். சில அடி நடந்துவிட்டு இறங்கினால் இருக்கட்டும். கால் சறுக்கி உருண்டாலோ, விளிம்பில் மாட்டிக்கொண்டாலோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விதைகளைத் தூவி மோந்து தேடவிடுங்கள். கம்பிப் படிகள் கொண்ட சக்கரமானால் யோசிக்கவே வேண்டாம், அது எந்த வயதுக்கும் ஆகாது.

சென்னையில் இருப்பதால் இரண்டைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் இதமானது. 30-ஐத் தாண்டினால் முதியவை விரைவில் துவண்டுவிடும். கோடையில் தரையோடு போட்ட பீங்கான் ஓடு ஒன்று அது வயிறு பதித்துப் படுக்க உதவும். மின்வெட்டின்போது உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராக அடிக்க வேண்டாம். அடுத்தது எறும்பு. பதுக்கிய உணவைத் தேடி வரும் எறும்புகளை உதறி விலக இதற்கு இப்போது வேகம் இல்லை. எறும்புச் சாக்கட்டியும் பூச்சிமருந்துத் தெளிப்பானும் கூண்டின் அருகில் நஞ்சுதான்; பாட்டி வீட்டு உணவு அலமாரிக்குச் செய்ததுபோல், மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதே பாதுகாப்பு.

உங்கள் மகளின் யோசனைக்கு மட்டும் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிரியன் ஹாம்ஸ்டர் வளர்ந்தபின் தனித்து வாழும் பிராணி. இன்னொன்றை உள்ளே விட்டால் சண்டைதான் மூளும், ஓட முடியாத முதியது கடிபட்டுச் சாகவும் நேரலாம். மாலையில் அது தானாக விழித்து வந்தபின், தரையில் அமர்ந்தபடி, இரு கைகளையும் கிண்ணம்போல் குவித்து அடியிலிருந்து ஏந்தி, பத்து நிமிடம் மடியில் வைத்திருக்க அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.