நாட்டுப்புறக் கதைகளைக் காப்பாத்துனவங்கள்ல உங்களுக்கு யாரைப் பிடிக்கும், ஏன்?

கேள்வியப் பாத்ததும் கி.ரா தாத்தாதான் ஞாபகத்துக்கு வந்தாரு. கோவில்பட்டி பக்கம் இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன். நானும் கரிசக்காட்டு ஆளுதான், அதனால கொஞ்சம் ஒருபக்கமா பேசுவேன், பொறுத்துக்கங்க.

அவருக்கு முன்னாடியே நா.வானமாமலை பெரிய வேலை பாத்திருக்காரு. 1964ல வந்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்புல பாட்டுக்குக் கீழ யாரு சேகரிச்சது, எந்த ஊருன்னு குறிச்சு வச்சிருப்பாங்க, காட்டுல மேட்டுல பாடுன பாட்டுக்கு அப்படி ஒரு மரியாதை. ஆனா கி.ராகிட்ட எனக்குப் பிடிச்சது வேற, அவரு கதைய மட்டும் எடுக்கல, கதை சொன்ன வாயையும் சேத்து எடுத்துட்டு வந்தாரு. இந்தக் கதைகள எல்லாம் சுத்தமான எழுத்துத் தமிழ்ல மாத்திட்டா சம்பவம் மட்டுந்தான் மிஞ்சும், ஆச்சி மடியில படுத்து "ம்" கொட்டிக் கேட்ட ருசி போயிரும்.

ஏழாவதோட பள்ளிக்கூடத்த நிறுத்துன மனுசன், 1982ல கரிசல் வட்டாரத்துக்குன்னே ஒரு சொல்லகராதி கொண்டு வந்தாரு. சம்சாரி வாயில புழங்குற சொல்லுக்கும் அகராதில எடம் உண்டுன்னு அப்ப எத்தனை பேரு நெனச்சிருப்பாங்க? பின்னாடி 2000த்துல பெருமாள்முருகன் கொங்குக்குப் போட்டாரு, அதுக்கப்புறம் கண்மணி குணசேகரன் விருத்தாசலம், கடலூர் பக்கத்து நடுநாட்டுக்குப் போட்டாரு. அந்த ஏழாங்கிளாஸ்காரரையே புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு நாட்டார் கதை சேகரிக்கிற பேராசிரியரா உக்கார வச்சுச்சு.

இன்னொண்ணு, பெரியவங்க மறைவாச் சொல்லிச் சிரிக்கிற பாலியல் கதைகளையும் அவரு விடல. 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு அதுக்குத் தனிப் புஸ்தகமே இருக்கு. அசிங்கம்னு திட்டுனவங்களும் உண்டு. என்னையக் கேட்டா அவரு செஞ்சதுதான் சரி, நமக்குப் பிடிச்சத மட்டும் பொறுக்கி எடுத்துட்டு இதுதான் சனங்களோட கதைன்னு சொன்னா அது பொய்யில்லையா.

எங்க ஆச்சி ராத்திரி வாசல்ல கட்டில் போட்டுச் சொன்ன கதை ஒண்ணக்கூட நான் எழுதி வைக்கல, அவங்க போயி பதினோரு வருசமாச்சு, இப்ப யோசிச்சா பாதிக் கதைக்கு முடிவே ஞாபகம் வரல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

புதுசாப் படிக்கிறவங்க கி.ரா தொகுத்த 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்' பெருசா இருக்கேன்னு பயப்பட வேணாம், நடுவுல எங்கன வேணா திறந்து சத்தமா வாசிங்க, வீட்ல வயசானவங்க இருந்தா பக்கத்துல வச்சுக்கிட்டு. போன பொங்கலுக்கு நான் ஒரு கதைய வாசிக்கவும் எங்க அத்தை பாதியிலயே "ஏ, அது அப்படி இல்லடா"ன்னு நிறுத்திட்டு எங்க ஊர்ல சொல்ற மாதிரி ஆரம்பிச்சாங்க பாருங்க, ஆச்சி குரலேதான். இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் போட்டு ரெக்கார்ட் பண்றேன், இதுவரைக்கும் ஏழு கதை ஆகியிருக்கு.