கேளுங்கள்: விண்வெளி

கே: ஹப்பிள் தொலைநோக்கிக்கு விண்வெளியில் மூக்குக்கண்ணாடி மாட்டியதாகச் சொல்கிறார்களே, உண்மையா? அத்தனை செலவில் செய்த ஆடி எப்படிக் கோணலாகப் போனது?
(வாசகி, தஞ்சாவூர்)

ப: ஏறக்குறைய உண்மைதான். ஆனால் ஆடி கோணலாகவில்லை. மிகத் துல்லியமாக, தவறான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டது.

2.4 மீட்டர் விட்டமுள்ள அந்த ஆடியை அமெரிக்காவின் பெர்கின்-எல்மர் நிறுவனம் 1981-ல் தேய்த்து முடித்தது. வடிவத்தைச் சோதிக்க, இரண்டு சிறு ஆடிகளும் ஒரு லென்சும் கொண்ட கருவி ஒன்று இருந்தது. லென்சை எங்கே நிறுத்துவது என்று அளக்க ஓர் உலோகக் கோல். அதன் முனையில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளிதான் அளவு. கோலின் முனைக்கு நடுவில் துளையுள்ள மூடி ஒன்று போட்டிருந்தார்கள். ஒளி மூடியில் பட்டுத் திரும்பக் கூடாதென்று அதற்குப் பூச்சும் உண்டு. அந்தப் பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டது. லேசர் கோலின் முனைக்குப் பதிலாக மூடியில் பட்டுத் திரும்ப, லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது. சொன்ன இடத்துக்கு லென்ஸ் இறங்க மறுத்தபோதாவது யோசித்திருக்கலாம். வாஷர்களைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள்!

விளைவு, ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையானது. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. விளிம்பில் பட்ட ஒளி ஓரிடத்திலும் நடுவில் பட்ட ஒளி வேறிடத்திலும் குவிந்ததால், 1990 ஏப்ரலில் ஏவிய பிறகு வந்த படங்களில் விண்மீன்களைச் சுற்றி மங்கல் வட்டம். வேறு இரண்டு சோதனைக் கருவிகள் இந்தப் பிழையை முன்பே காட்டியிருந்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. என் பார்வையில், பூச்சு பெயர்ந்ததைவிட இதுதான் பெரிய தவறு.

கே: ஆடியையே மாற்றியிருக்கலாமே?
(அதே வாசகி)

ப: மாற்று ஆடி ஒன்று கோடாக் நிறுவனம் செய்து தயாராகத்தான் இருந்தது. ஆனால் தொலைநோக்கியின் வயிற்றுக்குள் இருக்கும் ஆடியைச் சுற்றுப்பாதையில் கழற்ற வழியில்லை. பூமிக்கு இறக்கி ஏற்றுவதற்குச் செலவு தாங்காது. நல்லவேளையாக, பிழையின் அளவு கணக்காகத் தெரிந்திருந்தது. அதே அளவு பிழையை எதிர்ப்பக்கமாகக் கொண்ட சிறு ஆடிகளை ஒளியின் பாதையில் வைத்தால் இரண்டும் கழிந்துவிடும்.

1993 டிசம்பரில் எண்டெவர் ஓடத்தில் சென்ற வீரர்கள் ஐந்து முறை விண்நடை போனார்கள். புதிய அகலப்புலக் கேமராவுக்குள்ளேயே திருத்தம் இருந்தது. மற்ற மூன்று கருவிகளுக்காக, நாணயம் போன்ற ஆடிகளைக் கைகளில் ஏந்திய 'காஸ்டார்' என்ற பெட்டியைச் செருகினார்கள். அதற்கு இடம்விட்டு வெளியேறியது, ஒளிமானி என்ற நல்ல கருவி. பின்னால் வந்த கருவிகளெல்லாம் திருத்தத்தோடே வந்ததால் காஸ்டாருக்கு வேலையில்லாமல் போய், 2009-ல் பூமிக்குத் திரும்பியது.

கே: ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கு இப்படி நேர்ந்தால் யார் போவது?
(வாசகர், பாளையங்கோட்டை)

ப: யாராலும் போக முடியாது, அது 15 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது. அதனால்தான் அதன் 18 ஆடித் துண்டுகளுக்குப் பின்னாலும் தலா ஏழு சிறு இயக்கிகள்: ஆறு, துண்டை நகர்த்தவும் சாய்க்கவும், ஒன்று, அதன் வளைவை மாற்ற. 2022-ன் முதல் மாதங்களில் தரையிலிருந்தபடியே இவற்றைத் திருகித் திருகித்தான் 18 தனிப் பிம்பங்களை ஒன்றாக்கினார்கள்.